அருவிக்குக் கீழே ஓர் ஆறு ஓடுகிறது

ஊட்டி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குற்றாலத்தின் உயரம் 200 மீட்டர்கூட இல்லை. உயரத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் ஆனியிலும் ஆடியிலும் இந்த ஊர் குளிர்வதற்குக் காரணமே கிடையாது. காரணம் மேற்கே ஆரியங்காவுக் கணவாயில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை அந்த இடத்தில் தணிந்து வழிவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் பெய்ய வேண்டியதைப் பெய்துவிட்டு, மிச்ச ஈரத்தோடு அந்த வழியே புகுந்து புளியரை, செங்கோட்டை, இலஞ்சி, தென்காசி என்று இறங்குகிறது. அந்த மிச்ச ஈரத்தைத்தான் நாங்கள் சாரல் என்கிறோம். சட்டை நனையும், ஆனாலும் யாரும் குடையைத் தேட மாட்டார்கள். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தூறும், தூறிக்கொண்டிருக்கும்போதே வெயில் வரும். அதே நேரத்தில் 55 கிலோமீட்டர் கிழக்கே திருநெல்வேலியில் பஸ்ஸைவிட்டு இறங்கினால் வெக்கை முகத்தில் அறையும்.

சீசன் தொடங்கிவிட்டால் சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் உறவினர்களின் போன் வரும். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “அருவியில தண்ணி விழுதா?” விழுகிறது என்று சொன்னால் அடுத்த சனிக்கிழமை கார் கிளம்பிவிடும். வரட்டும், விருந்தாளிகளை வாழவைத்துத் தானும் வாழும் ஊர் இது. விழுந்த தண்ணீர் அப்புறம் எங்கே போகிறது என்று கேட்பவர்கள் மட்டும் குறைவு. வெளியூர்க்காரர்களைச் சொல்லவில்லை, உள்ளூரிலேயே குறைந்துவிட்டார்கள்.

பேரருவிக்குக் கீழே ஓர் ஆறு ஓடுகிறது. சிற்றாறு என்று பெயர். இந்தப் பள்ளத்தாக்கின் நெல்லும் கோயிலும் கவிதையும், எழுத்தில் கிடைக்கும் 1,200 ஆண்டு வரலாறும் அந்த ஆற்றையும் அதன் துணையாறுகளையும் நம்பி உருவானவை. நாமோ அருவிக்குத் திட்டம் போடுகிறோம், நிதி ஒதுக்குகிறோம், சாரல் விழா எடுக்கிறோம், ஆற்றைக் கைவிட்டுவிட்டோம். ஆற்றையும் குளங்களையும் நஞ்சையையும் இழந்துவிட்டு அருவியை மட்டும் காப்பாற்றிவிடலாம் என்று நினைப்பது வீண் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

திரிகூட மலையின் காட்டுக்குள் தேனருவி, செண்பகாதேவி அருவி என்று படிப்படியாக இறங்கி, பேரருவியாக விழுந்து, பொங்குமாகடல் என்ற பள்ளத்தில் மோதித் ததும்பி, தரைக்கு வருகிறது சிற்றாறு. தென்காசி நகருக்குள் யானைப்பாலத்தின் அடியில் நுழைந்து கிழக்கே திரும்புகிறது. ஐந்தருவியின் நீர், குண்டாறு, அரிகர நதி, அனுமன் நதி, கருப்பாநதி, அழுதகண்ணி ஆறு எல்லாம் நேராகவோ சுற்றியோ இதில் வந்து சேர்கின்றன. ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஓடி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. முக்கூடற்பள்ளு பாடும் முக்கூடல் அந்த இடம்தான். பள்ளு இலக்கியத்தில் இத்தனை நெல் வகைகளும் மாட்டு வகைகளும் மீன் வகைகளும் எப்படி வந்தன என்று யோசித்தால், இந்த ஆற்றின் வளத்தை அந்தப் புலவர் கண்ணால் பார்த்திருக்கிறார் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

சுற்றியுள்ள துணையாறுகளில் அணைகள் உண்டு. சீசன் தொடங்கிய சில நாட்களிலேயே நிரம்பிவிடும் குண்டாறு அணை வெறும் 36 அடி. மேக்கரையில் உள்ள அடவிநயினார் அணை 132 அடி. கருப்பாநதி அணை 72 அடி. சிற்றாற்றுக்கோ குற்றாலத்துக்கு மேலே அணை எதுவும் இல்லை. பேரருவியில் விழுந்தது விழுந்தபடி வந்துவிடும். வழியில் இருக்கும் 17 அணைக்கட்டுகள் அதைத் தடுத்துக் கால்வாய்களில் திருப்புகின்றன. கால்வாய்கள் குளங்களுக்குக் கொண்டுபோகின்றன. ஒரு குளம் பெருகி மறுகால் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த ஊர்க் குளத்துக்கு. ஆகவே இந்த ஆற்றின் நீர்த்தேக்கம் ஒரே இடத்தில் இல்லை. நூற்றாண்டுகளாக ஊர் ஊராக வெட்டிவைத்த குளங்களில் பரவிக் கிடக்கிறது. தென்மேற்குப் பருவம் கார் சாகுபடிக்கு, வடகிழக்குப் பருவம் பிசானத்துக்கு என்று இரண்டு மழையும் எட்டுகிற இடம் தமிழ்நாட்டில் அதிகமில்லை. அந்த அதிர்ஷ்டத்தை நெல்லாக மாற்றித் தந்தது இந்தக் குளச் சங்கிலி. மேலிருந்து வரும் காற்றின் ஈரத்தை, ஆடி மாதத்தில் பச்சை பிடித்து நிற்கும் வயலும் நிறைந்து கிடக்கும் குளமும் தாங்கிப் பிடிக்கின்றன. காட்டையும் வயலையும் எடுத்துவிட்டுக் கட்டடத்தை வைத்தால் இதே சாரல் இதே சுகத்தோடு இருக்கும் என்று எந்தப் பொறியாளரும் உறுதி தர முடியாது.

இந்த ஏற்பாட்டின் கடைக்கோடி ஊர்களில் ஒன்று மானூர். இப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே பாண்டியன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு; காலம் கி.பி. 800-ஐ ஒட்டியது. ஊர்ச் சபையில் யார் உறுப்பினராகலாம், என்ன தகுதி வேண்டும் என்று விதி வகுக்கும் கல்வெட்டு அது. குடவோலைக்குப் பெயர்பெற்ற உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. மானூர் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முந்தியது. பள்ளிப் பாடப்புத்தகம் படித்த எல்லோருக்கும் உத்திரமேரூர் தெரியும். தென்காசியிலேயே எத்தனை பேருக்கு மானூரைத் தெரியும்? அந்தச் சபை எல்லோருக்குமான சபையாக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நிலமும் வேதக் கல்வியும் உள்ளவர்களுக்கே அங்கே இடம். மடை திறந்தவருக்கும் நாற்று நட்டவருக்கும் இல்லை. ஆனாலும் ஒரு விதி இன்றைக்கும் யோசிக்க வைக்கிறது. எந்தத் தீர்மானம் வந்தாலும் “கூடாது, கூடாது” என்று முட்டுக்கட்டை போடுகிறவருக்கும் அவருக்குத் துணை போகிறவருக்கும் ஐந்து காசு தண்டம். பொதுக் காரியம் நின்றுவிடக் கூடாது என்ற பதற்றம் அந்தக் கல்லில் தெரிகிறது. ஆற்றின் கடைசியில் இருக்கும் ஊருக்கு அந்தப் பதற்றம் இயல்பு. மேலே உள்ள ஊர்கள் ஒழுங்காக இருந்தால்தான் தன் குளம் நிறையும் என்பது அதற்குத் தெரியும்.

தென்காசி அதற்குப் பின் 600 ஆண்டுகள் கழித்துத் தலையெடுத்தது. மதுரையை இழந்த பாண்டியர்களின் கடைசித் தலைநகரம் இது. பராக்கிரம பாண்டியன் சிற்றாற்றங்கரையில் காசி விசுவநாதர் கோயிலை 1446-இல் தொடங்கினான். கோபுரத்தை முடிக்க அவனுக்கு ஆயுள் போதவில்லை. தம்பி குலசேகர பாண்டியன் காலத்தில் அது நிறைவுபெற்றது. கோயிலில் பராக்கிரம பாண்டியன் பாட்டாகவே வெட்டிவைத்த வேண்டுகோள் ஒன்று இருக்கிறது. இந்தக் கோயிலுக்குப் பிற்காலத்தில் ஒரு குறை வந்தால், வந்து அதை நீக்கிக் காப்பாற்றுகிறவர் யாராக இருந்தாலும் உலகறிய அவரை நான் இப்போதே பணிகிறேன் என்கிறான் அந்த அரசன். கட்டியதைவிடக் காப்பது பெரிது என்று தெரிந்த மன்னன். அவன் அஞ்சியபடியே கோபுரத்துக்குக் குறை வந்தது. பிளந்துபோன கோபுரம் நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாக நின்றது. சிவந்தி ஆதித்தனார் முன்னின்று திருப்பணி நடத்தி, ஒன்பது நிலைகளோடு சுமார் 180 அடி உயரத்துக்கு மறுபடி எழுப்பி, 1990-இல் குடமுழுக்கு நடந்தது. ஆடி மாதத்தில் அந்தக் கோபுர வாசலுக்குள் நுழைந்து பாருங்கள். மேற்கேயிருந்து வரும் காற்று எதிரே நின்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டுதான் நடப்பார்கள். பிள்ளைகள் அதற்காகவே இரண்டு மூன்று தடவை வெளியே ஓடி உள்ளே வருவார்கள்.

பாண்டியர்களின் அரசியல் அதிகாரம் சுருங்கச் சுருங்க அவர்களுடைய தமிழ் வளர்ந்தது. அதிவீரராம பாண்டியனின் நைடதமும் வெற்றிவேற்கையும் இங்கே எழுதப்பட்டவை. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையில் உள்ள மேலகரத்துக்காரர் திரிகூட ராசப்பக் கவிராயர். அவருடைய குற்றாலக் குறவஞ்சியைக் கேட்டு மகிழ்ந்த மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் அவருக்கு நிலம் கொடுத்தார். குறவஞ்சி மேடு என்று அந்த நிலத்துக்குப் பெயர் நின்றுவிட்டது. ஒரு புலவனுக்குப் பொன்னும் கொடுக்கலாம், பல்லக்கும் கொடுக்கலாம். இந்தப் பள்ளத்தாக்கில் நிலம்தான் பெரிய கொடையாக இருந்திருக்கிறது. ஐந்து சபைகளில் ஒன்றான சித்திர சபையில் சுவரெல்லாம் ஓவியமாக நிற்கும் தெய்வங்களையும் பார்க்க வேண்டும். பேரருவியில் குளித்த தலை காய்வதற்குள் நடந்து போய்விடலாம். போகிறவர்கள் குறைவு. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே ஜாதிக்காயும் கிராம்பும் வைத்துத் தோட்டம் போட்டுப் பார்த்தார்கள். இன்று சீசனில் தெருவோரம் விற்கும் மங்குஸ்தானுக்கும் அப்படியொரு முன்கதை உண்டு. 20-ஆம் நூற்றாண்டில் ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் வந்து தங்கினார். ராஜாஜியும் கல்கியும் அவர் வீட்டைத் தேடி வந்தார்கள். கம்பனைப் படித்துக் காட்டி, சாப்பாடு போட்டு, அருவிக்கு அழைத்துப்போய் நண்பர்களை அவர் வைத்துக்கொண்ட விதம் தமிழ் இலக்கிய வட்டாரத்தில் இன்றும் பேசப்படுகிறது. குற்றாலத்துக்கு வருவதென்றால் தங்கி, பேசி, படித்து, நிதானமாக இருப்பது என்றிருந்த காலம் அது.

மேற்கே செங்கோட்டை வேறு கதை. 1956 நவம்பர் 1 வரை அது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். தமிழர்கள் போராடிய பிறகு செங்கோட்டை வட்டத்தின் ஒரு பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கணவாய் அந்தப்பக்கமே நின்றுவிட்டது. பழைய எல்லையின் நினைவு பிரானூர் பார்டர் என்ற பெயரில் மட்டும் இருக்கிறது. அங்கே புரோட்டாவுக்கும் நாட்டுக்கோழிக்கும் இரண்டு மாநிலத்துக்காரர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். கணவாய் வழியே 1904-இல் ரயில் வந்தது. இங்கிருந்து காய்கறியும் பாலும் பூவும் வைக்கோலும் அங்கே போகின்றன. வேலைக்கு ஆட்களும் போகிறார்கள். அண்மை ஆண்டுகளாகப் பாறையும் போகிறது. தென்காசி மாவட்டக் குவாரிகளில் உடைத்த ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய பெரிய லாரிகள் புளியரை வழியே வரிசையாகப் போவதை எதிர்த்து ஊர்மக்கள் பலமுறை தெருவுக்கு வந்துவிட்டார்கள். எந்தக் கணவாய் நமக்குக் காற்றைத் தருகிறதோ அந்தக் கணவாய் வழியாகவே நம் மலையடிவாரத்தைக் கல்லாக்கி அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

அந்தப் பாதை எவ்வளவு நெருக்கடியானது என்பதற்கு 2024 பிப்ரவரியில் நடந்தது ஒன்று போதும். புளியரைப் பக்கம், கேரளத்திலிருந்து பிளைவுட் ஏற்றி வந்த லாரி நள்ளிரவில் சாலையிலிருந்து தண்டவாளத்தில் விழுந்தது. பக்கத்தில் குடியிருந்த வயதான கணவனும் மனைவியும் சத்தம் கேட்டு எழுந்து, கையில் டார்ச்சோடு தண்டவாளத்தில் ஓடி, எதிரே வந்த ரயிலை நிறுத்தினார்கள். முதலமைச்சர் அவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் வெகுமதி அறிவித்தார். யாரும் கேட்காமல் இருட்டில் எழுந்து ஓடிய அந்தப் பெரியவர்களைப் போன்றவர்கள்தான் இந்தப் பள்ளத்தாக்கின் சொத்து என்று நான் நினைக்கிறேன்.

இப்போது யானைப்பாலத்துக்கு வருவோம். ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் செய்யும் ஆறு இது. பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பாருங்கள். சீசன் வெள்ளம் வடிந்த பிறகு, கரையோர முட்புதர்களில் பாலித்தீன் பைகளும் நைந்த துணிகளும் வெள்ளம் வந்த உயரத்துக்குத் தோரணமாகச் சிக்கிக் கிடக்கும். அருவியில் குளித்தவர்கள் கழற்றி எறிந்த சட்டையும் துண்டும் அதில் உண்டு. ஊருக்குள்ளிருந்து சாக்கடை கறுப்பாக வந்து சேரும். அருவியில் சோப்பும் ஷாம்பும் எண்ணெயும் கூடாது என்று தடை இருக்கிறது. காவலர் பார்க்கிற இடத்தில் அது ஓரளவு செல்லுபடியாகிறது. அருவியிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி, அதே தண்ணீரில், ஒரு நகரமே தன் கழிவை விடுவதற்குத் தடை இல்லாததுபோல் நடந்துகொள்கிறோம். இதற்குக் கீழே உள்ள ஊர்க்காரர்கள் இந்தத் தண்ணீரைத்தான் வயலுக்குப் பாய்ச்சுகிறார்கள். அவர்கள் ஆடுமாடு இதைத்தான் குடிக்கிறது.

இலஞ்சியிலும் குற்றாலத்தைச் சுற்றியும் பத்திருபது ஆண்டுகளுக்கு முன் ஒரே பச்சையாக இருந்த வயல்களில் இப்போது விடுதிகளும் மனைப்பிரிவுகளும் நிற்கின்றன. வயல் மட்டும் போனால் பரவாயில்லை என்று சொல்ல முடியாது. வயலோடு வாய்க்கால் போகிறது, வாய்க்கால் போனால் அடுத்த குளத்தின் வரத்து போகிறது. அதற்கும் மேலே ஒரு படி ஏறி, மலையிலிருந்து வரும் ஓடைகளைத் திருப்பிச் செயற்கை அருவி அமைத்து அதில் விருந்தினர்களைக் குளிக்கவைக்கத் தொடங்கின சில தனியார் விடுதிகள். 2022-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவற்றின் மீது நடவடிக்கை எடுக்க உத்தரவிட்டது. நீதிமன்றம் வரை போன பிறகுதான் நமக்குத் தெரிகிறது என்பது வெட்கத்துக்குரியது. ஓடை எங்கே திரும்பியது என்று அதன் கீழே பயிர் வைத்தவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கும். அவர் சொல்வதைக் கேட்க ஓர் ஏற்பாடு இல்லை.

2024 மே 17 அன்று மலையில் பெய்த மழை திடீர் வெள்ளமாக இறங்கிப் பழைய குற்றால அருவியில் 17 வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோனது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறிக்கொண்டு படிகளில் ஓடிய காட்சியைத் தமிழகமே செல்போனில் பார்த்தது. அதன் பிறகு எச்சரிக்கை ஏற்பாடுகள் பற்றிப் பேச்சு நடந்தது. வெள்ளம் வந்தால் உடனே குளிக்கத் தடை போடுகிறார்கள். சரிதான். காட்டில் பெய்யும் மழையும் அருவியும் ஆறும் ஒரே உடம்பு என்று அன்றைக்காவது நாம் புரிந்துகொண்டிருக்க வேண்டும். மேலே என்ன பெய்தது என்று கீழே தெரிந்திருந்தால் அந்தப் பையன் இருந்திருப்பான்.

“டூரிஸ்ட் வந்தால்தானே ஊரில் காசு புரளும்?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மங்குஸ்தான் கூடை வைத்திருக்கும் அக்காவுக்கும், நேந்திரம் சிப்ஸ் பொரிப்பவருக்கும், ஆட்டோ ஓட்டுபவருக்கும் அந்த மூன்று மாதச் சம்பாத்தியம்தான் ஆண்டு முழுவதும் ஓட வேண்டும். சாரல் பொய்த்த வருஷம் அவர்கள் வட்டிக்கு வாங்கியே சாப்பிடுகிறார்கள். அவர்களுக்கு எதிராக ஒரு வார்த்தையும் எனக்கு இல்லை. ஆனால் இந்த மாவட்டம் அவர்களால் மட்டும் ஆனதும் அல்ல. கீழப்பாவூர், ஆலங்குளம், கடையநல்லூர் வட்டாரங்களில் வீட்டுத் திண்ணைகளில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்கு விடியுமுன் தக்காளியும் கத்தரியும் கொண்டுவரும் விவசாயிகள் இருக்கிறார்கள். வடகரைப் பக்கம் யானை இறங்கித் தென்னையைச் சாய்த்துவிட்டுப் போன பிறகும் மறுபடி கன்று வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் வந்து, இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகாமல் இங்கேயே கணினி வேலை பார்க்க முடியும் என்று காட்டியிருக்கிறது. நல்ல காற்றும் நல்ல தண்ணீரும் இருக்கிற இடத்தைத் தேடித்தான் இனி வேலையும் வரும். அதைக் கெடுத்துக்கொண்டு வரவழைக்கிற எந்த முதலீடும் நீடிக்காது. விடுதிக்காரர்களுக்கும் இதுவே பொருந்தும். அவர்கள் விற்பது அறையை அல்ல, ஜன்னலுக்கு வெளியே இருப்பதை.

2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானது. அதற்கு முன் எதற்கும் திருநெல்வேலிக்குப் பஸ் ஏற வேண்டியிருந்தது. இப்போது ஆட்சியர் அலுவலகம் நம் ஊரில் இருக்கிறது. இனி தூரத்தைச் சொல்லித் தப்பிக்க முடியாது. நான் கேட்பவை பெரிய திட்டங்கள் அல்ல. சிற்றாற்றின் 17 அணைக்கட்டுகளுக்கும் உட்பட்ட ஒவ்வொரு குளத்தின் புல எண், பரப்பு, கால்வாய், மறுகால் போகும் பாதை ஆகியவற்றை அந்தந்த ஊரில் பலகையாக நட்டு வையுங்கள்; ஆக்கிரமிப்பு எது என்று ஊரே சொல்லிவிடும். சிற்றாற்றுப் பாசன நஞ்சையை மனையாக்கும் எந்த விண்ணப்பத்துக்கும் இனி அனுமதி தராதீர்கள். தென்காசியின் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விடுவதை நிறுத்துங்கள். அதுவரை ஆற்றங்கரையில் புதிய விடுதிக்கு உரிமம் வேண்டாம். சீசனில் வாகன நிறுத்தக் கட்டணம், கடை ஏலம் என்று குற்றாலம் ஈட்டும் பணத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் கீழே உள்ள குளங்களைத் தூர்வாரவும் மடைகளைப் பழுதுபார்க்கவும் ஒதுக்குங்கள். அருவியின் வருமானத்தில் ஆற்றுக்குப் பங்கு உண்டு என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால், மானூர்க்காரரும் குற்றாலத்துக்காரரும் ஒரே பேச்சுக்கு வந்துவிடுவார்கள். மாவட்ட எல்லை நடுவில் வந்தது ஒரு தடையே அல்ல. தண்ணீர் இரண்டு மாவட்டத்துக்கும் பொது.

அரசு செய்யும் என்று நாமும் காத்திருக்க வேண்டாம். ஆண்டுக்கு ஆறு கிராமசபைக் கூட்டங்கள் நடக்கின்றன. அதில் ஒன்று உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22. அன்று மானூர்ச் சபையைப் போல யாரையும் வெளியே நிறுத்த முடியாது. பீடி சுற்றும் பெண்ணுக்கும் நிலமில்லாத கூலிக்காரருக்கும் நீர்ப்பாய்ச்சிக்கும் அங்கே சம உரிமை. சிற்றாற்றுக் கரையில் வாழும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் ஊர்க் குளத்தின் பழைய வரைபடத்தைக் கிராம நிர்வாக அலுவலரிடம் இப்போதே கேட்டு வாங்குங்கள். கரையைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். வரும் மார்ச் 22 கிராமசபையில், குளத்தை அளந்து கல் நட வேண்டும் என்ற ஒரே ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்து, நிறைவேற்றி, நகலைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.